வடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுண்டல் சட்டி

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் டீக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். 16 வருடமாக உங்கள் கடை பெஞ்சைத் தேய்த்த ஆட்டோக்காரன் எழுதுகிறேன். போன தை மாதம் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழியை உங்கள் மேல் போட வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு டீ, நாலு வடை, ராத்திரி பரோட்டா என்று தின்றது என் வாய்தான். ஆனால் இப்போது பசியோடு கடைக்கு வந்து நின்றால், கை நீட்டி எடுக்க ஒன்றும் இல்லை. ஜாடியில் பிஸ்கட், பன், வர்க்கி, எல்லாம் மைதா. தட்டில் வடை, பஜ்ஜி. தொங்குகிற வாழைப்பழத்தையும் அளவாகச் சாப்பிடச் சொல்கிறார் டாக்டர்.

வடையை நான் திட்டமாட்டேன். உளுந்திலும் கடலைப்பருப்பிலும் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பருப்பில் குறை சொல்ல முடியாது. கெடுப்பது எண்ணெய்தான். காலையில் ஊற்றியது சாயங்காலம் பஜ்ஜி போடும்போது கறுத்து, நுரை அடங்காமல், கண் எரிகிற மாதிரி புகைகிறது. அதன் மேலேயே புது எண்ணெயை ஊற்றிச் சரிக்கட்டுகிறீர்கள். காய்ந்து காய்ந்து கெட்ட பொருள் எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. அளக்கக் கருவி வேண்டும், சரி. ஆனால் எந்த எண்ணெய் செத்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியாதா அண்ணே?

நான் கேட்பது ஒரு சட்டி சுண்டல், அவ்வளவுதான். வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 8 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, ஒரு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரையும் சட்டென்று ஏறாது. ராத்திரி கடை சாத்தும்போது ஊறப்போட்டால் விடிகாலை குக்கரில் நாலு விசில். தேங்காய் போட்டால் மத்தியானமே ஊசிப்போகும், அதனால் கொடுக்கும்போது மட்டும் தூவுங்கள். எலுமிச்சையும் ஒரு பிழி. பயறில் இருக்கும் இரும்புச் சத்தை டீ முழுசாக உடம்பில் ஒட்டவிடாது. எலுமிச்சை அதை ஓரளவு ஈடுகட்டும். ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் பாசிப்பயறு என்று மாற்றினால் சலிக்காது. அவித்த நிலக்கடலையும் வைக்கலாம். இந்த ஊரில் பருத்திப்பாலும் சுக்குக் காபியும் விற்கிறபோது சுண்டலா விற்காது?

அப்புறம், டீயில் சீனியை நீங்களே போட்டுவிடாதீர்கள், கேட்டுப் போடுங்கள். டீக்கு 2 ஸ்பூன் என்றால் 8 கிராம், நாலு டீக்கு 32. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுண்டலைப் பேப்பரில் மடித்தும் தராதீர்கள், மை ஒட்டுகிறது. தொன்னை போதும்.

மிஞ்சிப்போனால் நட்டம்தானே என்று யோசிப்பீர்கள். எங்கள் ஸ்டாண்டில் 11 வண்டி. முதல் வாரம் சட்டியில் என்ன மிஞ்சினாலும் அந்தக் காசு எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சீனி இல்லாத டீ கேட்கும் ஆட்டோக்காரன்