வியர்க்காத காதலன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மைக் காலமாக ரோபோ காதல் கதைகள் அடிக்கடி வருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலானவை ஒரே தடத்தில் ஓடுகின்றன. நாயகனுக்கு வேலைப்பளு, தன்னைப் போலவே ஒரு ரோபோவைச் செய்து காதலியைப் பார்க்க அனுப்புகிறான், அவள் ரோபோவிடம் மனதைப் பறிகொடுக்கிறாள், முடிவில் ரோபோ வெடித்துச் சிதறுகிறது. சிரிப்பும் வருவதில்லை, காதலும் தெரிவதில்லை. அந்த ரோபோவால் எது முடியும், எது முடியாது என்று தீர்மானிக்காமலே கதையைத் தொடங்கிவிடுவதுதான் காரணம் என்று நினைக்கிறோம். வட சென்னையில் மேடைக்கும் குறும்படத்துக்கும் எழுதுகிற நாங்கள், எழுதுகிறவர்களுக்குக் கைகொடுக்கும் என்று இந்த விவரங்களை அனுப்புகிறோம்.

முதலில் பேட்டரி. இன்று கடைச்சரக்காகவே விற்கப்படும் யூனிட்ரீ ஜி1 என்ற சீன ரோபோவின் எடை சுமார் 35 கிலோ. உயரம் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் ஓடும். ஆள் உயரத்துக்கு வளர்த்து, முகம், தோல், உடுப்பு எல்லாம் சேர்த்தால் எடை ஏறும், நேரம் இறங்கும். கதையிலும் 2 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே காதலுக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிடும். திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தாண்டிக் கடற்கரை நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்கு ரயில் நின்றால் போச்சு. மெட்ரோவில் வேகமாகப் போகலாமே என்றால், நிலைய வாசலில் மெட்டல் டிடெக்டர் நிற்கிறது. உடம்பெல்லாம் அலுமினியமும் மோட்டாருமாக இருக்கும் காதலன் அதைத் தாண்டுவது எப்படி? இந்த ஒரு கேள்வியே ஒரு காட்சி.

அடுத்தது வெயில். லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாக 60 டிகிரி செல்சியஸ்தான் மேல் எல்லை. அதைத் தொட்டால் பாதுகாப்புச் சர்க்யூட் தானாகவே மின்சாரத்தை நிறுத்திவிடும். மே மாத மதியத்தில், சிலிக்கோன் தோலுக்குள் காற்றோட்டமில்லாமல் ஓடும் மோட்டார்களும் சேர்ந்தால் அந்தச் சூடு வர நேரமாகாது. எனவே ரோபோ நிற்க வேண்டிய இடம் எது, எந்த வசனத்தின் நடுவில் நிற்கும் என்பதை எழுதுகிறவர் முன்பே குறித்துக்கொள்ளலாம். கடலோரம் என்றால் இன்னொன்றும் உண்டு. காசிமேட்டு உப்புக்காற்றில் செப்புக் கனெக்டர்களில் களிம்பு ஏறும். முதல் நாள் சரியாக அசைந்த இடதுகை, ஒரு மாதம் கழித்து விட்டு விட்டு அசையும். அதைப் பார்த்துக் காதலி "கையில இன்னா அடி?" என்று கேட்டால், அந்த ஒரு வரியிலேயே அவளுக்கு அவன்மேல் இருக்கும் அக்கறையும் அவன் மாட்டிக்கொள்ளப் போகும் ஆபத்தும் தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடச் சென்னைக்கே உரிய அடையாளம் வியர்வை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகிறவர்களில் சட்டை நனையாதவர் யாருமில்லை. பக்கத்தில் நடக்கிற காதலன் சட்டை மட்டும் காய்ந்திருக்கிறது. அவள் தன் கைக்குட்டையை நீட்டுகிறாள்; அவன் வாங்கி, மடித்து, காய்ந்தபடியே திருப்பித் தருகிறான். வசனமே வேண்டாம். மறுநாள் நாயகன் அவசர வைத்தியம் செய்யட்டும்: ரிச்சி தெருவில் கிடைக்கும் 5 வோல்ட் நீர் பம்ப் ஒன்று, 200 மில்லி தொட்டி, காலரை ஒட்டி நுண்துளை போட்ட ரப்பர் குழாய், பம்பை முடுக்க ஒரு ரிலே (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்). எங்கே கெடும் என்றால் ரிலேயில்தான் கெடும். மின்பொறி பட்டு அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காது. துளிர்க்க வேண்டிய வியர்வை கழுத்திலிருந்து குழாய்த் தண்ணீர் போல் கொட்டும். இது கற்பனை மட்டுமல்ல. டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2016இல் காட்டிய கெங்கோரோ என்ற ரோபோவில் 108 மோட்டார்கள். அவற்றைக் குளிர்விக்க, உலோக எலும்புக்கூட்டின் நுண்துளைகள் வழியே நீரைக் கசியவிட்டு ஆவியாக்கினார்கள். நிஜத்திலேயே இருக்கும் இந்தப் பொறியியலை ஒரு தமிழ் எழுத்தாளர் எடுத்தாள வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

சாப்பாட்டுக் காட்சிக்கும் கணக்கு உண்டு. பாரிமுனைப் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போனால் ரோபோ என்ன செய்யும்? தொண்டைக்குக் கீழே 300 மில்லி பை ஒன்று வைக்கலாம். நூடுல்ஸ் நீளமாக இருப்பதால் பையின் வாயில் சிக்கும். எண்ணெய் கசிந்து கீழே இறங்கினால் கழுத்து மோட்டாரின் கியர் வழுக்கும். ஆமாம் என்று தலையாட்ட வேண்டியவன் இல்லை என்று ஆட்டுவான். "வூட்ல வந்து பொண்ணு கேக்கறியா?" என்ற கேள்வி சரியாக அந்த நேரத்தில் வர வேண்டும்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் இருக்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பேச்சைக் கேட்டு, எழுத்தாக்கி, தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பிப் பதிலை வாங்கும் ரோபோவுக்கு ஒன்றிரண்டு நொடிகள் ஆகலாம். கதைகளில் இதை எப்போதும் மந்தம் என்றே காட்டுகிறார்கள். உண்மையில் காதலியின் காதுக்கு அது வேறு மாதிரி விழும். அசல் காதலன் அவள் முடிப்பதற்குள் குறுக்கே பேசுகிறவன். இவனோ சொன்னதை யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறான். அவள் டூப்பை விரும்புவதற்கு அழகும் பலமும் வேண்டாம், அந்த இரண்டு நொடி போதும். உச்சரிப்பும் அப்படித்தான். செய்தித் தமிழைக் கேட்டுப் பழகிய குரல் நிரலுக்கு "இன்னாபா", "வந்துக்கினு கீறேன்" என்பதெல்லாம் பிடிபடாது. ராயபுரத்துப் பையன் திடீரென்று "வந்துகொண்டிருக்கிறேன்" என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

முகத்தை அச்சு அசலாகச் செய்வதும் எளிதல்ல. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் ஹிரோஷி இஷிகுரோ 2006இல் தன்னைப் போலவே செய்த ஜெமினாய்டு என்ற ரோபோ உட்கார்ந்தபடிதான் இருக்கும். காற்றழுத்தத்தால் அசையும், அந்தக் காற்றை அனுப்பும் கம்ப்ரஸர் வெளியே இருக்கும், பேசுவது வேறிடத்தில் உட்கார்ந்து இயக்கும் மனிதர். நகைச்சுவைக்கு இது பொன்னான அமைப்பு: காதலிக்கு எதிரே ரோபோ, திரைக்குப் பின்னால் மைக்கோடு நாயகன், அவன் பக்கத்தில் அம்மா. மனித உருவத்தை மிக நெருங்கிவிட்ட பொம்மை அருவருப்பூட்டும் என்று மசாஹிரோ மோரி என்ற இன்னொரு ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970லேயே எழுதினார். ஆகவே ஏதாவது ஒரு குறையை வெளிப்படையாக விட்டுவைப்பதே நல்லது. பார்க்கிறவர்களுக்கு அதன்மேல் பரிவும் வரும்.

உருமாற்றக் குழப்பம் நமக்குப் புதிதல்ல. மணிமேகலை காயசண்டிகை வடிவம் எடுத்தாள். அவளைத் தன் மனைவி காயசண்டிகை என்றே நம்பிய காஞ்சனன், அவளை விரும்பிப் பின்னால் வந்த இளவரசன் உதயகுமரனை வாளால் வெட்டினான். அங்கே கதை கண்ணீரானதற்குக் காரணம், தவறைத் திருப்பி எடுக்க முடியாமல் போனது. ரோபோ டூப் கதையில் கை கழன்றால் ஸ்க்ரூவைத் திருகிக்கொள்ளலாம், நினைவை அழித்து மறுபடி ஏற்றலாம். பழுது பார்க்கக்கூடிய தவறுகளாகவே அடுக்கிக்கொண்டு போனால் சிரிப்பு நீடிக்கும். ரே பிராட்பரி 1949இல் எழுதிய ‘மேரியனெட்ஸ் இன்கார்ப்பரேட்டட்’ கதையில், மனைவியிடம் தனக்குப் பதிலாக டூப்பை விட்டுச் செல்கிறான் ஒருவன். டூப் அவளையே விரும்பி, சொந்தக்காரனைப் பெட்டிக்குள் பூட்டப் பார்க்கிறது. தவறு திருப்ப முடியாததாக மாறும் அந்த நொடியில் சிரிப்பும் நின்றுவிடுகிறது. எழுதுகிறவர்கள் அந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இனிமேல் சொல்வதுதான். இயந்திரம் மனிதனாக நடிப்பதைவிட, மனிதன் இயந்திரமாக நடிப்பதில்தான் சிரிப்பும் காதலும் சேர்ந்து கிடைக்கின்றன. 1870இல் பாரிஸில் மேடையேறிய ‘கொப்பேலியா’ பாலேயில், பொம்மையிடம் மயங்கிய காதலனை மீட்கப் பெண்ணே பொம்மையாக உடுத்திக்கொண்டு நிற்கிறாள். எர்ன்ஸ்ட் லுபிட்ஷின் 1919ஆம் ஆண்டு ஜெர்மன் படத்தில், கல்யாணத்துக்குப் பயந்த இளைஞன் பொம்மையை மணக்கப் போகிறான். பொம்மையின் கை உடைந்துவிட, செய்தவரின் மகளே பொம்மையாகப் போய் நிற்கிறாள். 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்திலும் விஞ்ஞானி தன் டூப்களின் கூட்டத்துக்குள் ரோபோவாக நுழையும் இடம் உண்டு. மனித உடம்புக்குத்தான் எத்தனை தடைகள்! நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்க வேண்டும். தும்மல் வரும், வயிறு கூப்பிடும். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடு என்றால் கொசு வேறு. காதலி வெறும் ரோபோதானே என்று நினைத்து மனதில் உள்ளதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே நிற்பவன் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைத் தமிழில் யாராவது முழுக்கதையாக எழுதினால் முதலில் படிக்கிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

படமெடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இரட்டை வேடத்துக்குப் பணம் தேவையில்லை, பொறுமை தேவை. போனை ட்ரைபாடில் இறுக்கி, ஃபோகஸ், வெளிச்சம், வண்ணம் மூன்றையும் லாக் செய்யுங்கள். ஆளில்லாத காட்சியை 10 நொடி எடுத்து வையுங்கள். இடப்பக்கம் நடித்து முடித்ததும் போனைத் தொடாமல் உடுப்பு மாற்றி வலப்பக்கம் நடியுங்கள். 20 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் வெயில் நகர்ந்து நிழல் காட்டிக்கொடுக்கும். எடிட்டிங்கில் இரண்டு காட்சிகளையும் ஒட்டும் கோடு கதவு நிலையிலோ தூணிலோ விழட்டும். ஆடுகிற திரைச்சீலை, சுற்றுகிற ஃபேன், மரக்கிளை மேல் விழக்கூடாது. யாருடைய கையும் கோட்டைத் தாண்டக்கூடாது. பார்வை சேருவதற்கு ஒரு குச்சியில் பந்தைக் கட்டி, அடுத்தவர் கண் உயரத்தில் நிறுத்துங்கள். மேடையில் வழி வேறு. ஒரே உடுப்பில் இருவர். டூப் எப்போதும் முதுகைக் காட்டி நிற்பார். நடிகர் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் தோன்றப் போதுமான நேரத்துக்குப் பிறர் வசனம் இருக்க வேண்டும். ஒத்திகையில் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை கொட்டகையில் நாடகம் வளர்ந்த ஊர்ப்பகுதி இது. அந்தத் திறமை இங்கே இன்னும் இருக்கிறது.

தங்களிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. ஞாயிறு இணைப்பில் நகைச்சுவை அறிவியல் கதைக்கு மாதம் ஒருமுறையாவது 2 பக்கம் ஒதுக்குங்கள். வட சென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும் என்று எழுதப்படும் கதைகளுக்கு நடுவே, தண்டையார்பேட்டை மாடிப்படியில் சார்ஜ் தீர்ந்து நிற்கும் ஒரு காதலனுக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மேடைக்கும் குறும்படத்துக்கும் எழுதும் நண்பர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021