டிக் போட்டுவிட்டு உட்காரச் சொன்னீர்களே

மதிப்புக்குரிய மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் எனக்கும் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தீர்கள். நன்றி. சால்வை, போட்டோ எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் 'நாற்காலியை இயக்கத் தெரியுமா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று டிக் போட்ட பிறகுதான் என்னை அதில் உட்காரவே சொன்னார்கள்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ள நோய்தான், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு மண்டபத்து டைல்ஸில் பத்தடி உருட்டிவிடுவேன். வெயில் ஏறினால் அதே கை சொன்ன பேச்சைக் கேட்காது.

எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில், தண்ணீர் வெளியே வராமலிருக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டை கட்டியிருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கினால்தான் தாண்ட முடியும். எப்படித் தூக்குவது என்று யாரும் காட்டவில்லை. மூன்றாம் நாள் நானே முயன்று மல்லாக்க விழுந்தேன். மண்டையில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் கட்டையைப் பார்த்தாலே இப்போது கை நின்றுவிடுகிறது. மகள் கல்லூரியிலிருந்து வர மாலை ஐந்தாகும். அதுவரை தண்ணீர் குடிப்பதில்லை.

நான் கேட்பது இதுதான்: ஓட்டவைத்துப் பாருங்கள், சொல்லிக்கொடுங்கள், பயமா என்றும் கேளுங்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் உருவான சக்கர நாற்காலித் திறன் சோதனையில் வாசல் கட்டையைத் தாண்டுவது, சரிவில் ஏறி இறங்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்யவைத்துப் பார்க்கிறார்கள். தன்னம்பிக்கையை அளக்கத் தனிக் கேள்வித்தாளே உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 100 வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். குளியலறைக் கட்டைக்கு நான் 5 போடுவேன், அதுவும் தாராளமாக. சக்கர நாற்காலி வழங்குவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் சொன்ன எட்டுப் படிகளில் பயிற்சி ஒரு படி. நம் முகாமில் நான் பார்த்தது மேடைப் படி ஒன்றைத்தான். அதில் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

உங்கள் அலுவலகச் சாய்தளத்தில் எந்நேரமும் நிற்கும் இரண்டு பைக்குகளைப் பற்றியும் எழுத நினைத்தேன். சரி, அது இன்னொரு நாளைக்கு.

அடுத்த முகாமுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டை அழையுங்கள். இரண்டு அங்குலப் பலகை ஒன்றைப் போட்டு ஏறவைத்துப் பாருங்கள். பயமா என்று கேளுங்கள். டிக் அப்புறம் போடலாம். என் படிவத்தில் இருக்கும் 'ஆம்' என்பதை அடித்துவிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பயனாளிகளில் ஒருத்தி