வாசலில் கூடை வைக்க விடுங்கள்: கவுன்சில் மண்டபக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டபக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்க உங்கள் மண்டபத்தில் நடக்கும் மார்ச் மாத ஐரிஷ் இசை மாலை பற்றி நீங்கள் எடுத்த முடிவை நான் உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய கடிதத்தை ஏற்பாட்டாளர்கள் எங்கள் உணவு வங்கிக்கும் கொண்டுவந்து காட்டினார்கள். இந்த வருடம் முதல் முழு வணிக வாடகை. தீயணைப்புப் பாதுகாப்புக் காரணமாக வாசல் கூடத்தில் உணவுப் பொருள் சேர்க்கும் பெட்டிகளுக்கு அனுமதி இல்லை. நன்கொடை தர விரும்புகிறவர்கள் சுவரில் ஒட்டும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து தரலாம். ஒரு பக்கம்கூட நிரம்பாத கடிதம்.

ஆங்கிலத்தில் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் தானியங்கிப் பதில்தான் வந்தது. உங்கள் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று தமிழிலேயே வாக்குக் கேட்டவர்கள். அவர்களாவது வாசித்து மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது இரண்டே விஷயம். மண்டபத்தைப் பழையபடி சமூக நிகழ்ச்சிக் கட்டணத்தில் கொடுங்கள். வாசலில் கூடை வைக்க விடுங்கள்.

நான் செவ்வாய்க்கிழமைகளில் உணவு வங்கியில் பொதி கட்டுகிறவள். அந்த இசை மாலைக்கு முதலில் போனது பெட்டி தூக்கத்தான். பிறகு இசைக்காகவும் போகத் தொடங்கினேன். ஃபிடில் என்கிற வயலின், மரக்குழல், கையால் இழுத்து அழுத்தும் கன்சர்ட்டினா, ஆட்டுத்தோல் போர்த்திய பௌரான் மேளம், வாயால் ஊதாமல் முழங்கைக்கு அடியில் துருத்தியை அழுத்தி வாசிக்கிற இலன் பைப்ஸ். வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற தாதிகளும் கட்டடத் தொழிலாளர்களும். 1950களிலும் 60களிலும் அயர்லாந்தின் கவுண்டி மேயோவிலிருந்தும் கால்வேயிலிருந்தும் கப்பலேறி வந்து இந்த நகரத்தின் ரோடுகளைத் தோண்டிய, ஆஸ்பத்திரிகளில் இரவு வேலை பார்த்த தலைமுறை, அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நடுவில் ஒரு முதியவர் எழுந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷ் மொழியில் பாடுவார். அந்த நேரம் யாரும் நாற்காலியைக்கூட அசைக்க மாட்டார்கள்.

நுழைவுச் சீட்டு கிடையாது. ஒரு பை சாமான் கொண்டுவந்தால் உள்ளே போகலாம். கொண்டுவராதவர்கள் வாளியில் காசு போடுவார்கள். ஐரிஷ்காரரிடையே இது பழைய வழக்கம். வேலைத்தளத்தில் ஒருவர் விழுந்து கை கால் முறிந்தால், ஊரிலிருந்து உறவு வருவதற்கு முன்பே பப்பில் ஒரு இசை இரவு வைத்துத் தொப்பியைச் சுற்றி அனுப்பிக் குடும்பத்துக்கு வாடகைக் காசு சேர்த்துவிடுவார்களாம். இன்று அந்தத் தொப்பி எங்களிடம் வருகிறது. எங்களிடம் வருகிறவர்களில் ஐரிஷ்காரர் சிலர்தான். சோமாலியர், ருமேனியர், ஆங்கிலேயர், நம் தமிழர் என்று எல்லோரும் வருகிறார்கள். பெட்டி யாருக்குப் போகிறது என்று இசை மாலைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை.

இது மார்ச்சில் நடப்பது ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் எல்லோருக்கும் கை தாராளம். பள்ளிக்கூடம், அலுவலகம், கோவில், தேவாலயம் என்று எல்லா இடத்திலிருந்தும் பெட்டி வரும். பெப்ரவரி முடிவதற்குள் அது கரைந்துவிடும். ஹீட்டர் பில் வருகிற மாதங்களும் அவைதான். ஐரிஷ்காரரின் பெருநாளான புனித பேட்ரிக் நாளை ஒட்டிய அந்த ஒரு சனிக்கிழமைதான் எங்கள் தட்டுகளை ஈஸ்டர் வரை நிற்க வைக்கிறது.

இனி அந்தக் கூடைகள் பற்றி. கியூஆர் குறியீடு கூடைக்கு ஈடாகும் என்று நீங்கள் நினைத்தபடியால், ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கணவரிடமிருந்து பிரிந்து வந்தவள். வவுச்சரைக் கொடுத்தாள், நான் பொதியைக் கொடுத்தேன். அவள் அதை மேசையில் வைத்துப் பிரித்தாள். பாஸ்தாவை எடுத்துத் திருப்பி வைத்தாள். பருப்புப் பையை வைத்தாள். அரிசியைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அதையும் வைத்தாள். "அக்கா, இதை அவிக்க எனக்கு இடமில்லை. அறையில கேத்தில் மட்டும்தான் இருக்கு" என்றாள். பெரியவன் ஒரு தக்காளி டின்னை எடுத்து, "இதைத் திறக்கிறதுக்கு எங்களிட்ட சாமான் இல்லை அம்மா" என்று அதையும் வரிசையில் வைத்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு டின் வெட்டி இல்லை என்ற கணக்குத் தெரிகிறது.

அவர்கள் இருந்தது விடுதி அறை. அந்த அறையில் அவர்களைக் கொண்டுபோய் விட்டது இதே கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவு. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை அப்படிப்பட்ட விடுதியில் 6 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த 6 வாரம் எப்போதோ முடிந்திருந்தது. அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

இப்படி வருகிறவர்களுக்காகக் கேத்தில் பொதி என்று ஒன்று தனியாகக் கட்டுகிறோம். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற நூடுல்ஸ், ஓட்ஸ் கஞ்சி, சூப் பொடி, குஸ்குஸ், கெடாத பால், வளையத்தை இழுத்தால் திறக்கிற மீன் டின். இவை வழக்கமான நன்கொடையில் வருவது குறைவு. மக்கள் நல்ல மனதோடு பாஸ்தாவும் பீன்ஸும்தான் தருகிறார்கள், ஏனென்றால் தங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறது.

இசை மாலையை நடத்துகிற அந்த ஃபிடில் அம்மா ஒவ்வொரு பெப்ரவரியும் எங்களுக்குப் போன் எடுப்பார். இந்த வருடம் எது குறைவு என்று கேட்பார். சென்ற வருடம் நான் கேத்தில் அறையைப் பற்றிச் சொன்னேன். மறுநாளே நோட்டீஸில் பெரிய எழுத்தில் அச்சடித்தார்: வளையம் வைத்த டின், வெந்நீர் ஊற்றும் உணவு, பிள்ளைகளுக்கு நாப்கின். அந்தச் சனிக்கிழமை வந்த பெட்டிகளைத் தரம் பிரித்தபோது, காலாவதித் தேதியை மார்க்கர் பேனாவால் டின் தலையில் எழுதி எழுதி எங்கள் கை வலித்தது. வளையம் இல்லாத டின்னைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. முன்னூறு பேர் இன்னொரு குடும்பத்தின் அறையில் அடுப்பு இல்லை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போயிருக்கிறார்கள். ஸ்கேன் செய்து ஐந்து பவுண்டு அனுப்புகிறவருக்கு அது தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை, காசும் எங்களுக்கு வேண்டும். பாலும் பழமும் காசில்தான் வாங்குகிறோம். ஆனால் பெட்டி தூக்கி வந்தவர்களில்தான் அடுத்த வாரம் "நானும் பொதி கட்ட வரலாமா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எங்கள் செவ்வாய்க்கிழமைக் குழுவில் பாதி அப்படி வந்தது.

அதோடு, முழு வாடகை கேட்டால் அந்தக் காசு எங்கிருந்து வரும்? வாளியிலிருந்துதான். அவர்களிடம் வேறு பணம் இல்லை. வாசிக்கிறவர் ஒருவரும் ஊதியம் வாங்குவதில்லை, ஒலிபெருக்கியைக்கூட இரவல்தான் வாங்குகிறார்கள். பசித்தவருக்கென்று ஒருவர் போட்ட காசு முதலில் உங்கள் கணக்குக்கு வந்து, மிச்சம் எங்களுக்கு வரும். இதை நீங்கள் நினைத்துச் செய்திருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் நடக்கப் போவது இதுதான்.

இன்னொன்றையும் மரியாதையோடு நினைவூட்டுகிறேன். எங்களிடம் வருகிறவர்களை அனுப்புவது யார்? வைத்தியர், பள்ளிக்கூடம், ஆலோசனை நிலையம், உங்கள் அலுவலகம். அந்தத் தங்கச்சியின் வவுச்சரை எழுதியது உங்கள் ஊழியர். உங்கள் இணையதளத்தில் உதவி தேவைப்படுவோர் செல்லக்கூடிய இடம் என்று எங்கள் முகவரி இருக்கிறது. ஒரு மாடியில் இருந்து ஆட்களை எங்களிடம் அனுப்புகிறீர்கள். அடுத்த மாடியில் இருந்து எங்கள் தட்டை நிரப்புகிறவர்களுக்கு பில் அனுப்புகிறீர்கள். இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு இருக்குமே, யாராவது ஒருவர் இறங்கி வந்து பேசக் கூடாதா?

பட்ஜெட்டில் பணம் இல்லை என்பீர்கள். உண்மைதான், அது எங்களுக்கும் தெரியும். நூலக நேரம் குறைந்தது, இளைஞர் மன்றம் மூடியது, எல்லாவற்றுக்கும் அதே பதில். லண்டனில் இருக்கிற மத்திய அரசு நிதியைக் குறைத்தது உங்கள் குற்றம் இல்லை. யுனிவர்சல் கிரெடிட் என்கிற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர் முதல் காசைக் காண 5 வாரம் காத்திருக்க வேண்டும் என்று வைத்தது நீங்கள் இல்லை. அதற்கு முன் முற்பணம் கேட்டால் அதுவும் கடனாகத்தான் கிடைக்கும், பிறகு மாதாமாதம் பிடிப்பார்கள். இந்தப் பிரிட்டனில் டிரசல் அமைப்பின் உணவு வங்கிகள் மட்டும் 2024-25இல் சுமார் 29 இலட்சம் பொதிகள் கொடுத்திருக்கின்றன. அதில் 10 இலட்சத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு. உலகப் பணக்கார நாடுகளில் ஒன்றில் இப்படி நடக்கிறது. வன்னியில் உலர் உணவுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு, இங்கேயும் அதே வரிசையின் மறுபக்கத்தில் நின்று கொடுக்க நேரும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. இதெல்லாம் உங்கள் குழுவின் கையில் இல்லை. மண்டபம் உங்கள் கையில் இருக்கிறது.

ஐரிஷ்காரர் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்று நான் ஒருமுறை அந்த அம்மாவிடம் கேட்டேன். 1847 என்று மட்டும் சொன்னார். பிறகு நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் செத்தார்கள். இன்னும் அத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 1847 கோடையில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கஞ்சிக் கூடங்கள் உச்ச நாட்களில் 30 இலட்சம் பேருக்குச் சோறு போட்டன. பசி தீராமலே அந்த வருட இலையுதிர் காலத்துக்குள் அவற்றை மூடினார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் இல்லை என்று ஒரு விதியும் போட்டார்கள். உயிர் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று குடியானவன் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நிவாரணச் செலவை லண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் ட்ரவெலியன். அதே ட்ரவெலியன்தான் 1859இல் சென்னை ஆளுநராகப் போனார் என்று அறிந்தபோது எனக்கு அந்தக் கதை சட்டென்று நம் பக்கத்துக் கதையாகிவிட்டது.

அதே காலத்தில் கல்கத்தாவில் ஐரிஷ் சிப்பாய்களும் மற்றவர்களும் சேர்ந்து சுமார் 14,000 பவுண்டு திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். தங்கள் மண்ணிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்தான் விரட்டப்பட்ட அமெரிக்கப் பழங்குடிகளான சோக்டா மக்கள் 170 டாலர் அனுப்பினார்கள். அந்த 170 டாலருக்காக 2017இல் கவுண்டி கார்க்கில், மிடில்டன் ஊரில், ஒரு நினைவுச் சிற்பம் திறந்து வைத்தார்கள். பசித்தபோது யார் கொடுத்தார் என்பதும், யார் விதியைக் காட்டிக் கதவை மூடினார் என்பதும் அந்த மக்களுக்கு மறக்கவில்லை. உங்களை ட்ரவெலியனோடு ஒப்பிடவில்லை. விதி எழுதுகிறவருக்கும் தட்டு ஏந்துகிறவருக்கும் இடையே உள்ள தூரம் எப்படி வளர்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தீயணைப்புப் பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வெளியேறும் வழியில் பெட்டி அடுக்கியிருந்தால் அது ஆபத்துதான். அதற்கு வழி இருக்கிறது. வாசலுக்கு வெளியே கூரைக்குக் கீழ் இரண்டு மேசை போடுகிறோம். பை நிறைந்ததும் எங்கள் வேன் எடுத்துப் போகும். வாசல் கூடத்தில் ஒரு பெட்டிகூடத் தரையில் இருக்காது. உங்கள் ஊழியர் வந்து இடத்தைக் காட்டினால் கோடு போட்டு அதற்குள் நிற்கிறோம். தடை என்று எழுதுவதற்கு முன் இதைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்போம்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். சமூக நிகழ்ச்சிக் கட்டணத்திலேயே மண்டபத்தைக் கொடுங்கள். வாசலில் கூடை வைக்க விடுங்கள். குழுவின் அடுத்த கூட்டத்தில் ஏற்பாட்டாளர் ஒருவருக்கும் உணவு வங்கியிலிருந்து ஒருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முடிவு எதுவானாலும் பெப்ரவரி நடுப்பகுதிக்குள் எழுத்தில் தாருங்கள். நோட்டீஸ் அச்சடிக்க அதற்குமேல் தாமதிக்க முடியாது. இந்த வருடமும் எது குறைவு என்று அந்த அம்மா கேட்டுவிட்டார், பட்டியலும் கொடுத்துவிட்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உங்களில் யாராவது எங்களிடம் வந்து, கேத்தில் பொதி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனாலும் மகிழ்வோம்.

இப்படிக்கு,
உங்கள் பகுதி வாக்காளரும்
உணவு வங்கித் தொண்டரும்