டேங்கைத் திறக்கும் முன் ஒரு போன் பண்ணு

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள மகனுக்கு,

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது. 'வேலையில் இருப்பான்' என்கிறாள் உன் அம்மா. அதனால்தான் இதை எழுதி, கொச்சி தோப்பும்படிக்குப் போகும் உன் மச்சான் கையில் கொடுத்துவிடுகிறேன். உன் மீன்பிடிப் போட்டுச் செய்தியும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. இடது பக்கத்து டீசல் டேங்கு ஒழுகுகிறதாம். எம்சீல் வைத்து அடைத்திருக்கிறாயாம். இன்ஜின் ரூமுக்குள்ளேயே வைத்து வெல்டிங் அடிக்க ஆள் பேசிவிட்டாயாம். என்னிடம் கேட்காமல் பழைய போட்டு வாங்கினாய், சரி. இதையாவது கேட்டிருக்கலாம்.

ஒழுகுவது டேங்குதானா என்று முதலில் பார்த்தாயா மக்களே? போட்டின் அடியில் தேங்கும் தண்ணீரில் டீசல் மினுங்கினால் எல்லாரும் டேங்கைத்தான் குறை சொல்வார்கள். டீசல் ஊற்றும் ஹோஸ் வெடித்திருக்கலாம். மேல் மூடியின் கேஸ்கட் போயிருக்கலாம், போட்டு சாயும்போது மட்டும் கசியும். அளவு பார்க்கிற டியூபின் கீழ் வால்வு சொட்டினாலும் டீசல் தகட்டோடு ஓடி அடியில்தான் சேரும். டேங்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வெல்டிங் தையல் ஓரமெல்லாம் சாக்குக்கட்டியால் வெள்ளையாகத் தேய்த்துவிடு. ஒரு ராத்திரி கழித்து டார்ச் அடித்துப் பார். கசிகிற இடத்தில் சாக்கு கறுத்து நனைந்திருக்கும். அந்தக் கறுப்பின் மேல் நுனியைப் பிடி, ஓட்டை அங்கேதான். கீழ் நுனியைப் பார்த்து ஏமாறாதே.

அடித் தகட்டில்தான் என்றால் உள்ளிருந்து அரித்திருக்கிறது என்று வைத்துக்கொள். மீன்பிடித் தடைக்காலத்தில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் பாதி டேங்கோடு கட்டிப் போட்டால், பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் உள்ளே தகடு வேர்க்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உனக்கு விற்றவர் அடியில் இருக்கும் டிரெயின் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை ஒருநாளும் விட்டிருக்க மாட்டார். சின்னச் சுத்தியலால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று பேசும். செத்த தகடு பேசாது. அப்படிப்பட்ட இடத்தில் கிரைண்டரை வைத்தால் ஒரு ஊசித்துளை பத்தாகும். அதன்மேல் ஒட்டு வைப்பது வீண். அடித்தகடு முழுவதையும் மாற்ற வேண்டும். எம்சீலும் சோப்புக்கட்டியும் கரை வந்து சேருவதற்குத்தான், ஒரு மாதம் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கலுக்கு இல்லை.

வெல்டிங் விஷயத்துக்கு வருகிறேன். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே, தீக்குச்சி போட்டாலும் பிடிக்காது என்று உன் ஆள் சொல்வான். குச்சிக்குப் பிடிக்காதுதான். ஆனால் துரு அடுக்குக்குள் ஊறிக் கிடக்கும் டீசல், வெல்டிங் சூடு பட்டால் ஆவியாகும். காலி டேங்கு முழுக்கக் காற்று. ஆவியும் காற்றும் சேர்ந்த பிறகு ஒரு பொறி போதும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்குத்தான் பயப்பட வேண்டும். பெரியப்பா ஏன் இடக்கையால் சாப்பிட்டார் என்பது உனக்குத் தெரியும். அதுவும் காலி டேங்குதான்.

போட்டின் மேல்தட்டை அறுத்து டேங்கை வெளியே எடு. கிரேன் கூலி, தச்சன் கூலி, எல்லாம் தெரியும். எடுத்துத்தான் ஆக வேண்டும். சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டு வாசனை போகும்வரை கழுவு. துருவைச் சுரண்டு. பிறகு டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, வெல்டிங் படும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பு. ஆவி நிற்க இடமே இருக்கக் கூடாது. கவிழ்த்ததில் கீழே போன வாய்களை அடைத்துவிடு, மேலே வந்த வாயெல்லாம் திறந்திருக்கட்டும். அப்புறம்தான் வெல்டிங் ராடு பிடிக்க வேண்டும். டீசல் குடித்த மரத்துக்கு நடுவில், இன்ஜின் ரூமுக்குள் வைத்து அடிக்கவே கூடாது.

அடித்து முடித்ததும் கம்ப்ரசர் வைத்து ஊதிச் சோதிக்காதே. மூன்று பவுண்டு அழுத்தமே மூன்றடிக்கு நாலடித் தகட்டை இரண்டு டன்னுக்கு மேல் தள்ளும், கம்ப்ரசர் அதற்கு மேல் ஏற்றிவிட்டால் டேங்கு வயிறு ஊதிவிடும். டேங்குக்குள் காற்று போய்வரும் மேல் குழாயில் ஏழடி உயரத்துக்கு டியூப் கட்டி, அதன் தலைவரை தண்ணீர் நிரப்பு. அதே மூன்று பவுண்டு கிடைக்கும், அதற்கு மேல் ஏறாது. தையல் விட்டாலும் காற்றுப்போல வெடிக்காது. திருப்பி வைக்கும்போது மரத்தில் நேராக உட்கார வைக்காதே. அடியில் காற்று ஓட இடம் விட்டு வை.

பதினெட்டு வயதில் ஜிபிஎஸ்ஸை எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. போட்டு ஓட்டுகிற ஸ்ராங்குமார்கள் உன்னைக் கேட்டுப் போனதை இன்றும் கடற்கரையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு தச்சன் கூலிக்காக உள்ளேயே வைத்து வெல்டிங் அடிக்கப் போகிறான் என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? டேங்கில் தண்ணீரும் துருவும் கிடந்தால் அலை ஆட்டத்தில் எல்லாம் கலங்கி ஃபில்டரை அடைக்கும். நடுக்கடலில், அதுவும் காற்று நேரத்தில், இன்ஜின் நின்றால் என்ன செய்வாய்? ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30ஐ நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

வீட்டில் எல்லாரும் சுகம். மருமகளும் பிள்ளையும் போன ஞாயிறு பூசை முடிந்து இங்கே வந்தார்கள். சின்னவனை இங்கேயே பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் கிடந்தது. உன் அம்மாவும் பார்த்தாள், அவளும் கேட்கவில்லை. போட்டு என்றால் பணம் தின்னும், எனக்குத் தெரியாதா? பணம் குறைந்தால் டேங்கு வேலையில் குறைக்காதே, வேறெதில் வேண்டுமானாலும் குறை. என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. கேட்டால் தருவேன், கேட்காமல் எப்படித் தருவது?

ஜூலை 31 ராத்திரி தடை முடிகிறது, முதல் நாளே எல்லாரோடும் இறங்க வேண்டும் என்று துடிப்பாய். ஒரு வாரம் தாமதித்தால் மீன் ஓடிவிடாது. திரும்பவும் சொல்கிறேன், காலி டேங்கில் பொறி படக் கூடாது. உன் ஆள் அவசரப்படுத்தினால், அப்பா வந்த பிறகுதான் என்று சொல்லு.

வருகிற வாரம் குழித்துறையில் ரயில் ஏறலாம் என்று இருக்கிறேன். டேங்கைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றால் போதும், ஒன்றிலும் கை வைக்க மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆனால் அதை உன் மச்சானிடம் சொல்லி அனுப்பாதே, நீயே போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அப்பா