ஹால்ல அத்த இருக்காங்க, அதனால கடிதம்

ராயபுரம்,
ஞாயிறு மத்தியானம்

என் குண்டூசிக்கு,

எட்டு மாசமா ஒரு வார்த்த இல்ல, இப்ப மட்டும் இன்னாடி காயிதம்னு நீ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். தப்பு என் மேலதான். போன்ல பேச முடியல, ஹால்ல அத்த உக்காந்திருக்காங்க, அவங்க காது உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்ல போட்டா பொண்ணு எடுத்துப் படிச்சிடுவா. அதனாலதான் பேப்பர். படிச்சிட்டுக் கிழிச்சுப் போட்டுடு.

பையன் பாலிடெக்னிக் சேந்துட்டான். இவருக்கு அதே ஹார்பர், அதே நைட் ஷிப்ட். அவ்ளோதான் ஊர்க்கதை. இப்ப விஷயத்துக்கு வரேன். சிரிக்காம படி.

வயித்துக் கொழுப்ப உறிஞ்சி எடுக்கற லைப்போசக்‌ஷன் பண்ணிக்கிட்டேன்.

சிரிச்சிட்டல்ல? "பூசணி கடைசியில தோல் சீவிக்கிச்சு"ன்னு நீ சொல்றது இங்க வரைக்கும் கேக்குது. வளையலுக்குன்னு எடுத்த சீட்டுப் பணம்டி. இன்னைக்கு 26-ஆவது நாள். இவருக்கு மட்டும்தான் தெரியும். மத்தவங்களுக்கெல்லாம் குடலிறக்க ஆபரேஷன். அத்த அத நம்பி, புண்ணு ஆறும்னு தெனம் சுறாப்புட்டு பண்ணிப் போடறாங்க. மாடி வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து, நெத்தியில விபூதி பூசிட்டுப் போச்சு. அந்த நிமிஷம் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கலாம்போல இருந்துச்சு.

உள்ள இன்னா பண்றாங்கன்னு கேப்ப. அரிசி மண்டியில மூட்டையக் குத்தி சாம்பிள் எடுப்பாங்களே ஒரு குழாய், அதத்தான் மெல்லிசா நெனச்சுக்க. மொதல்ல உப்புத் தண்ணியில மரத்துப்போற மருந்தும் ரத்தக்குழாய் சுருங்கற மருந்தும் கலந்து வயித்துக்குள்ள ஏத்தறாங்க. அப்புறம் சின்ன ஓட்ட வழியா குழாய விட்டு உறிஞ்சறாங்க. ஏத்துன தண்ணி அத்தனையும் அப்பவே வெளிய வராது. ரெண்டு நாளைக்கு சேப்பாக் கசிஞ்சிட்டே இருந்துச்சு, ரெக்சின் விரிச்சுப் படுத்தேன். மூணாம் நாள் எடை மிஷின்ல ஏறி நின்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்தத விட 2 கிலோ ஜாஸ்தி! காசு குடுத்துக் கனமானவ நான் ஒருத்திதான்.

அது வீக்கந்தான், வடியும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. 4-லேந்து 6 வாரத்துல பெரும்பகுதி வத்துமாம், உண்மையான வடிவு தெரிய 3-லேந்து 6 மாசம் ஆகுமாம். ராத்திரி பகல் வயித்த இறுக்கிப் புடிக்கற பெல்ட் போடணும். இந்த வேர்வையில, கரண்ட் போன நேரத்துல, அந்தப் பெல்ட்டு! ஜெயில்ல இருக்கறவன் கூட காத்தாட நடப்பான்.

தப்பு நடந்தது 18-ஆம் நாள். நாத்தனார் பொண்ணுக்கு வண்ணாரப்பேட்டையில சீமந்தம். எம்.சி. ரோட்டுல எடுத்த புதுப் பொடவைக்குள்ள பெல்ட்டு தடிப்பா தெரியுதுன்னு கழட்டி வெச்சேன். மறுநாளும் போடல. காசிமேட்டுக் கருவாட்டுக் குழம்பு வேற, ரெண்டு வேளையும்.

மூணாம் ராத்திரி இடது பக்கம், தொப்புளுக்குக் கீழ, ஒரு கொழுக்கட்டை அளவுக்குப் புடைச்சிக்கிட்டு நிக்குது. இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் தண்ணி பாக்கெட் மாதிரி தளும்புது. இவரு ஷிப்டுல. எனக்குத் தோணுச்சு பாரு, பொய் சொன்னேன்ல, நெஜமாவே குடல் இறங்கிடுச்சுன்னு! 11 மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டேன், பாத்ரூம்ல நின்னுட்டுக் குசுகுசுன்னு. ஜுரம் இருக்கா, தோல் சிவந்து சூடா இருக்கா, வலி ஏறிட்டே போகுதா, மூச்சு வாங்குதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கான்னு வரிசையாக் கேட்டாரு. இதுல ஒண்ணு இருந்தாலும் இப்பவே கிளம்பி வான்னாரு. எதுவும் இல்ல. காலையில வரச் சொன்னாரு.

ஸ்கேன்ல குடல் அதோட இடத்துலதான் இருந்துச்சு. கொழுப்பு எடுத்த எடத்துல நீர் கட்டியிருக்கு, செரோமான்னு பேராம். ஊசி போட்டு இழுத்தாங்க. வெளுத்த டீத்தண்ணி நிறத்துல ஒரு பெரிய சிரிஞ்சு நெறைய. நான் திட்டு வாங்கத் தயாராப் போனேன். ஆனா பெல்ட்ட ஒழுங்காப் போட்டவங்களுக்கும் இது வரும்னு சொன்னாரு. உப்புக்குத்தான் திட்டு. இந்த வாரம் இன்னொருவாட்டி எடுத்தப்ப பாதிதான் வந்துச்சு.

நீர் போயிடுச்சு. ஆனா இன்னொரு புடைப்பு இருக்குடி, அதான் என்ன அரிக்குது. படுத்துட்டு எழுந்திருக்கறப்ப நடு வயித்துல, மேலேந்து கீழ, ஓட்டு வீட்டு முகடு மாதிரி எழும்புது. அது கொழுப்பும் இல்ல, வீக்கமும் இல்ல. ரெண்டு பிரசவத்துல விலகிப்போன தசையாம். குழாய் உறிஞ்சறது தோலுக்கும் தசைக்கும் நடுவுல இருக்கறத மட்டும்தான். விலகினத அது சேக்காது. தசைக்கு உள்ள, குடலச் சுத்தி இருக்கற கொழுப்பையும் தொடாது. "முன்னாடியே சொன்னேனேம்மா"ன்னாரு டாக்டர். சொன்னாருதான். கையெழுத்துப் போட்ட பேப்பர்லயும் இருந்துச்சு. நான் வளையல் காசப் பத்தி யோசிச்சிட்டிருந்தேன்.

ஏன் போனேன்னு கேக்காத. சரி, உன்கிட்ட சொல்றேன். மெட்ரோல ஒரு பையன், என்னப் புள்ளத்தாச்சின்னு நெனச்சு எழுந்து இடம் குடுத்தான். வேணாம்னு சொல்லத் தெரியல. உக்காந்துட்டேன். தேனாம்பேட்டை வரைக்கும் வயித்தப் புடிச்சிட்டே வந்தேன், அவன் ஏமாந்துடக் கூடாதுன்னு. அழுக வந்துச்சு, அழல.

போன பொங்கலுக்கு, நீயும் பண்ணிக்கலாமான்னு கேட்டல்ல? மொதல்ல மல்லாந்து படுத்து, தலைய மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேல விரல வெச்சுப் பாரு. எனக்கு மூணு விரல் உள்ள போகுது. உனக்கும் போச்சுன்னா, குழாயப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி விலகின தசையப் பத்திக் கேளு. எனக்கு பிசியோ பயிற்சி குடுக்கப் போறாங்க. வீக்கம் மொத்தமா வத்தட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லிருக்காங்க. இன்னொரு ஆபரேஷன் பேச்ச நான் எடுக்கல. இன்னொரு சீட்டும் இல்ல.

வர்ற வியாழக்கிழமை திரும்பப் போகணும். இவருக்கு லீவு கிடைக்கல. தனியாப் போக பயமா இருக்கு, அத ஒத்துக்கறேன். புதன் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலையில சென்ட்ரல். அத்தகிட்ட, தையல் காட்டப் போறோம்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு. எந்தப் பக்கம் குடலிறக்கம்னு உன்னத் தனியாக் கூப்புட்டுக் கேப்பாங்க. இடது பக்கம்.

உன்
பூசணி