பூங்காவுக்கு யாரும் வருவதில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பராமரிப்பின்றிக் கிடக்கும் மாநகரப் பூங்காக்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. மக்கள் பயன்படுத்த முன்வராததால்தான் பூங்காக்கள் பாழாகின்றன என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அன்னார் எத்தனை மணிக்குப் பூங்காவுக்குப் போனார் என்று விசாரித்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். காலை பத்து மணிக்கு மேல் போயிருந்தால் அவர் பார்த்தது பூட்டைத்தான்.

நான் சூளையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வட்டாரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் சுமை இறக்குகிறவர்கள், சென்ட்ரல் போர்ட்டர்கள், வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசும் பூக்காரம்மாக்கள், அடகுக்கடை மார்வாடிகள், பீகாரிலிருந்து வந்து ஒரே அறையில் முறைவைத்துத் தூங்கும் இளைஞர்கள். இவர்களில் மாலை ஐந்து மணிக்குக் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வரக்கூடியவர் எத்தனை பேர்? மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க ஒரு நிழலும், அரை மணி நேரம் முதுகைச் சாய்க்க ஒரு பெஞ்சும் கிடைத்தால் போதும் அவர்களுக்கு. பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் கதவைச் சாத்துகிறார்கள். பூங்காவின் வெளிச்சுவர் ஓரமாக நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பூங்காவைப் பயன்படுத்த முன்வராதவர்களா?

புதுப்பிப்பு வேண்டும் என்கிறது கட்டுரை. எங்கள் தெருக்கோடிப் பூங்காவை ஏற்கெனவே புதுப்பித்தாகிவிட்டது, ஐயா! தூங்குமூஞ்சி மரத்தின் அடிவரை சிமெண்ட் கல் பதித்தார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது அது வேரோடு சாய்ந்தது. மரம் இருந்த இடத்தில் இப்போது ‘8’ வடிவ நடைபாதை. பெஞ்சுகளின் நடுவே இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள், யாரும் படுத்துவிடக் கூடாதாம். கழிப்பறைச் சாவியைக் கேட்டால் காவலாளி அலுவலகத்தைக் கைகாட்டுகிறார். அலுவலகத்தில் ஒப்பந்ததாரரிடம் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒப்பந்ததாரர் யாரென்று கேட்டால் மனு எழுதித் தரச் சொல்கிறார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை நோய். தினமும் நடக்கச் சொன்ன மருத்துவர், பாவம், சாவியும் சேர்த்து எழுதிக் கொடுக்கவில்லை.

பூங்கா எப்படி அழியும் என்பதற்கு எங்கள் வட்டாரத்தைவிட நல்ல உதாரணம் இந்த ஊரிலேயே கிடையாது. 1859-இல் கவர்னராக வந்த டிரெவெல்யன் வகுத்த திட்டம் பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர், குளங்கள், பேண்டு வாசிக்க மேடை, பிற்பாடு மிருகக்காட்சி சாலையும் வந்தது. உயிர் காலேஜ் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நசுங்கியவன் நான். அந்த நிலத்தில்தான் விக்டோரியா ஹால் எழுந்தது, மூர் மார்க்கெட் எழுந்தது, 1913-இல் ரிப்பன் கட்டடம் திறந்தது, விளையாட்டரங்கமும் வந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது; அந்த இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் மிருகங்களும் வண்டலூருக்குப் போயின. ஜனங்கள் வராததாலா, ஐயா, 116 ஏக்கரும் கரைந்தது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. மூவாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்டதென்றால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம். பணத்தின் நிழலில் யார் உட்காருவது? பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே தீர்ப்பளித்தது. இங்கே வழக்குப் போடவும் வழியில்லை. பம்ப் அறை, டிரான்ஸ்பார்மர், குப்பைத்தொட்டி என்று மூலை மூலையாகத்தானே போகிறது!

என் கோரிக்கை மிகச் சிறியது. பத்து மணி முதல் நான்கு மணி வரை கதவைத் திறந்து வைக்க வேண்டும். பெஞ்சுக் கம்பிகளை அறுத்தெடுக்க வேண்டும். கழிப்பறைச் சாவி காவலாளியிடமே இருக்க வேண்டும். நிதி ஒதுக்கீடு, ஆலோசகர், திறப்பு விழா எதுவும் தேவையில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதென்றால் டிரெவெல்யனை வெட்டிவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. சாவி விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே பார்சல் குமாஸ்தா,
சூளை, சென்னை.