3.08 வேண்டாம் மச்சான்

அன்பு மச்சான்,

கடிதமும் பிக்கப்பின் படமும் கிடைத்தன. இங்கு எல்லாரும் சுகம். வெள்ளாமை வெட்டு தொடங்கியதால் கராஜ் நிறைய உழவு மெசின்கள், அதுதான் பதில் சுணங்கியது.

1951 செவ்ரோலேக்கு 350 வி8 எஞ்சினும் 700ஆர்4 என்ற நாலு கியர் ஒட்டோமற்றிக் கியர்பொக்ஸும் பூட்டுகிறாய். பழைய பின் அச்சின் ரேஷியோ 4.11, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பொக்ஸிலிருந்து அச்சுக்கு வரும் தண்டான புரொப்பலர் சாஃப்ட் 4.11 சுற்றுச் சுற்றும். அதில் புரொப்பலர் சாஃப்ட் குழாய்க்குள் மூடிக்கிடக்கும், புதுக் கியர்பொக்ஸுக்குச் சரிவராது. எப்படியும் வேறு அச்சுத்தான். அங்குள்ள கூட்டாளிகள் 3.08 போட்டால் பெற்றோல் மிச்சம் என்கிறார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை, 3.73தான் சரி.

ரேஷியோவோடு ரயரையும் கடைசிக் கியரையும் சேர்த்துப் பார். 28 அங்குல ரயரில் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடினால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 746 சுற்று. உன் நாலாம் கியர் 0.70. சக்கரச் சுற்றை அதாலும் ரேஷியோவாலும் பெருக்கினால் எஞ்சின் சுற்று. 3.73 என்றால் எஞ்சின் 1950 சுற்றில் இருக்கும், 3.08 என்றால் 1600தான். படகையும் இழுத்துக்கொண்டு ஒல்லுப்போல ஏற்றம் வந்தாலும் எஞ்சின் திணறும், கியர் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறி விழும், மறுகா கியர்பொக்ஸ் எண்ணெய் கொதிக்கும். அதற்காக 4.11க்கும் போகாதே. முதல் கியரே 3.06, எடுத்த எடுப்பில் முடிந்துவிடும்.

என் குட்டை லேண்ட் றோவரில் 4.7. படுவான்கரைச் சேற்றில் நெல்மூட்டையோடு போக அதை அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் காபெட் வீதியில் 80ஐத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. றேஞ்ச் றோவரின் 3.54 டிஃப்பை (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதியை) முன்னுக்கும் பின்னுக்கும் போட்டால் எஞ்சின் சுற்று நாலில் ஒரு பங்கு குறையும், உண்மைதான். ஆனால் மகியங்கனையால் கண்டிக்குப் போகும்போது பதினெட்டு வளைவில் நான் இறங்கித் தள்ளவா? எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேலதிக கியரான ஓவர்டிரைவ் ஒன்று தேடுகிறேன். தேவையான இடத்தில் போடலாம், மற்ற இடத்தில் 4.7 அப்படியே இருக்கும்.

அச்சு வாங்கமுன் விற்பவன் சொல்வதை நம்பாமல் நீயே எண்ணிப் பார். சாதா டிஃப் என்றால் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்று. புரொப்பலர் சாஃப்ட் பூட்டும் பினியன் முனை மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் அது 3.73.

ரயர் அளவையும் எழுது. படத்தில் பார்த்தால் 31 அங்குலம் போட ஆசைப்படுகிறாய் போல. அப்படியென்றால் 4.11ஐயே வாங்கு, அந்தப் பெரிய ரயரில் அது 3.73 மாதிரித்தான் ஓடும்.

அன்புடன்,
உன் மட்டக்களப்பு மச்சான்